கலாவ்ரிதாவிலிருந்து வந்த கோதுமை

1

கனடாவிலிருந்து எழுதுகிறவர்கள் முதலில் பனியைப் பற்றி எழுதுவார்கள். பிறகு பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை என்று எழுதுவார்கள். நானும் அதையெல்லாம் எழுதத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு கிரேக்க மலையூரைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த ஊருக்கு நான் போனதில்லை. ஆனாலும் கண்ணைக் கட்டி அங்கே இறக்கிவிட்டால் யாரிடமும் வழி கேட்காமல் நடப்பேன்.

ரொறன்ரோவின் டான்போர்த் வீதியில் ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் எனக்கு வேலை. வந்த புதிதில் கோப்பை கழுவினேன், இப்போது இறைச்சி வாட்டுகிறேன். முதலாளி தெஸ்பினா எழுபதைத் தாண்டியவர், இன்னும் என்னைவிட வேகமாக வெங்காயம் வெட்டுவார். குசினிக்குப் போகும் வழியில் அவருடைய ஊரின் பெரிய படமொன்று தொங்குகிறது. எண்ணெய்ப் புகை படிவதால் அதைத் துடைப்பதும் என் வேலைதான். துடைத்துத் துடைத்தே ஊர் எனக்குப் பாடமாகிவிட்டது.

ஊரின் பெயர் கலாவ்ரிதா. நல்ல ஊற்றுகள் என்று பொருளாம். தெற்குக் கிரேக்கத்தில், ஹெல்மோஸ் என்ற மலையின் சரிவில் இருக்கிறது. கீழே கடற்கரையில் தியாகோப்தோ என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து ஒரு குட்டி ரயில், வுராயிகோஸ் என்ற ஆறு அறுத்துப் போட்ட பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏறும். ஏற்றம் கூடிய இடங்களில் ரயில் பின்னுக்கு வழுக்காமலிருக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பல்லுப் பல்லாக இன்னொரு இரும்பு போட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தானான எனக்கு மலை என்றால் கீரிமலைதான். பெயரில் மலை இருந்தாலும் அங்கே இருப்பது கேணியும் கடலும். அதனால் இந்தப் படத்தை முதல்முறை பார்த்தபோது, இவ்வளவு உயரத்தில் இருக்கிற சனத்தை எவன் வந்து என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன்.

ஊருக்குப் பக்கத்தில் ஒரு மடம் இருக்கிறது. துருக்கியருக்கு எதிரான கிளர்ச்சிக் கொடியை அங்கேதான் முதலில் ஏற்றினார்கள் என்பது தெஸ்பினாவின் கட்சி. சாப்பிட வருகிற வேறு ஊர்க் கிரேக்கர்கள் அதெல்லாம் கதை என்பார்கள். ஒருவர் கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட, அவர் பாதி தின்ற தட்டைத் தூக்கிக்கொண்டு தெஸ்பினா குசினிக்குள் வந்துவிட்டார். மனுசன் கையில் முள்ளுக்கரண்டியோடு விழித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெஸ்பினாவைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

2

டிசம்பரில் ஒரு நாள் கடை பூட்டு. அன்று தெஸ்பினா தேவாலயத்துக்குப் போவார். முதல் நாளே கோதுமையை அவித்து, துணியில் பரப்பி உலர்த்தி, பாதாம்பருப்பு, முந்திரிகை வற்றல், மாதுளை முத்து எல்லாம் கலந்து, மேலே மாச்சீனியைக் கொட்டி மூடிவிடுவார். கொலிவா என்று அதற்குப் பெயர். ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஆட்டுத் தொடையை எலும்பிலிருந்து கழற்றிக்கொண்டே சொன்னார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவில் நொண்டும் என்பதால் எங்களுக்குள் எல்லாம் விளங்கும்.

இரண்டாம் உலக யுத்தகாலம். மலைக்குள் இருந்த கிரேக்கப் போராளிகள் தாங்கள் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் சிப்பாய்களைக் கொன்றார்கள். பழி வாங்க ஜெர்மன் படை வழியிலிருந்த கிராமங்களைக் கொளுத்திக்கொண்டு மேலே ஏறியது. ஒரு டிசம்பர் காலை தேவாலய மணி அடித்தது. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும், ஆளுக்கொரு போர்வையும் ஒரு நாளுக்கான சாப்பாடாகப் பாணும் கொண்டுவர வேண்டும் என்று கட்டளை.

பள்ளிக்கூடத்தில் வைத்துப் பிரித்தார்கள். பெண்களையும் சிறு பிள்ளைகளையும் உள்ளே விட்டுப் பூட்டினார்கள். ஆண்களையும் மீசை அரும்பாத பெடியன்களையும் ஊருக்கு மேலேயுள்ள ஒரு சரிவுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அந்தச் சரிவில் நின்றால் ஊர் முழுவதும் தெரியும். வீடுகள் எரியத் தொடங்கின. தங்கள் வீடு எரிவதை ஒவ்வொருவனும் பார்த்தான். பிறகு ஒரு வெளிச்சக் குண்டு மேலே போக, இயந்திரத் துப்பாக்கிகளால் எல்லோரையும் சுட்டார்கள். விழுந்தவர்களுக்கு நடுவே நடந்து, அசைந்தவர்களைத் தலையில் சுட்டார்கள். பிணங்களுக்கு அடியில் மூச்சைப் பிடித்துக் கிடந்த ஒரு சிலர் மட்டும் தப்பினார்கள்.

பள்ளிக்கூடத்திலும் தீப் பிடித்தது. பெண்கள் யன்னல்களால் பிள்ளைகளை வெளியே எறிந்து, கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். தெஸ்பினாவின் தாய்க்கு அப்போது இருபது வயது, கலியாணமாகி ஒரு வருடமும் ஆகவில்லை. சரிவில் ஏறும்போது மேலேயிருந்து இரத்தம் வழிந்து வந்து செருப்பை நனைத்ததாம். முகமில்லாதவர்களைப் புரட்டிப் புரட்டித் தேடினார். தான் பின்னிக் கொடுத்த காலுறையை வைத்துத்தான் புருசனைக் கண்டுபிடித்தார். மண்வெட்டி வீட்டோடு எரிந்துவிட்டது. உறைந்து கிடந்த நிலத்தைக் கரண்டியாலும் கையாலும் கிண்டினார். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன அதே போர்வையில் உடலைக் கிடத்தி இழுத்துப்போய்த் தாட்டார். அதற்காகத்தான் போர்வை கொண்டுவரச் சொன்னார்கள் என்று அந்த அம்மா சாகும்வரை நம்பினாராம்.

சில வருடங்கள் கழித்து அவர் பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவரை மறுமணம் செய்தார். அவர்களுக்குப் பிறந்தவர்தான் தெஸ்பினா. “அம்மா அந்தக் குழியைக் கிண்டியிராவிட்டால் நான் இல்லை” என்று சொல்லிவிட்டுக் கத்தியைக் கழுவப் போனார்.

அவர் சொன்னதில் ஒரு நாளுக்கான பாண் என்ற இடத்திலேயே எனக்கு என் அண்ணையின் ஞாபகம் வந்துவிட்டது.

3

என் அண்ணை கிளிநொச்சியில் உழவு இயந்திரம் திருத்துகிறவர். இயக்கத்துக்கும் இலங்கை ஆமிக்கும் நடந்த கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாகக் கடற்கரைக்குத் தள்ளப்பட்டு, அது முடிந்த நேரத்தில் தன் மனைவி ராணி மச்சாளோடு வட்டுவாகல் பாலத்தால் நடந்து வந்தார். பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீரில் ஊதிப்போன உடல்கள் கிடந்தன என்று மச்சாள் சொல்வார். அதற்கு மேல் பாலத்தைப் பற்றிச் சொல்லமாட்டார். அந்தப் பக்கம் ஆமி நின்றது. இயக்கத்தோடு ஒரு நாள் தொடர்பிருந்தவர்கள்கூடத் தங்களைப் பதியவேண்டும், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அண்ணை இயக்கத்தின் உழவு இயந்திரங்களையும் திருத்தியிருந்தார். ஒளித்துவைத்துப் பிறகு பிடிபடுவதைவிடப் பதிந்துவிட்டு வருவது நல்லது, ஒரு நாள்தானே என்று மச்சாள்தான் போகச் சொன்னார். ஒரு பிஸ்கற் பக்கெற்றும் துவாயும் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் போனதை அவர் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகு அண்ணையை ஒருவரும் பார்க்கவில்லை.

ராணி மச்சாள் இந்தியா வழியாக ரொறன்ரோ மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் மகள் ஆரணி சின்னப் பிள்ளை. நானும் என் மனைவி சுகியும் ஆளுக்கொரு வேலைக்கு ஓட, ஆரணியைக் குளிக்க வார்த்து, தலை இழுத்து, பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி வளர்த்தது மச்சாள்தான். மச்சாளின் அகதி விசாரணையில் புருசன் இருக்கிறாரா என்று கேட்டார்கள். இருக்கிறார் என்றார். எங்கே என்று கேட்டார்கள். தெரியாது என்றார். அப்படியானால் பிரிந்து வாழ்கிறீர்கள் என்று அந்த அதிகாரி முடிவுகட்ட, மச்சாள் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். தோளைப் பிடித்து இருத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மச்சாளுக்கு அண்ணை உயிரோடு இருக்கிறார். அதனால் நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலிக்கொடியும் இருக்கின்றன. மே மாதத்தில், அந்தச் சண்டையில் செத்தவர்களின் நினைவாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் இடங்களுக்கு அவர் வரமாட்டார். எங்கள் வீட்டில் அண்ணைக்குத் திவசம் இல்லை. அவருடைய படம் சாமியறையில் இல்லை. ஹோலில் ரிவிக்குப் பக்கத்தில் மாலை போடாமல் இருக்கிறது. கார்த்திகை மாதம் அவர் பிறந்த நட்சத்திரத்தில் அவருடைய ஆயுளுக்காக மச்சாள் நெய்விளக்கு ஏற்றி, படத்துக்கு முன்னால் ஏதாவது இனிப்புப் படைத்து, பிறகு எல்லோருக்கும் தருவார். நாங்களும் வாங்கித் தின்போம். மச்சாளின் முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல எங்கள் வீட்டில் எவருக்கும் துணிவு இருந்ததில்லை.

4

தெஸ்பினா எனக்கும் ஒரு டப்பாவில் கொலிவா எடுத்துவைத்து, மறுநாள் கடையில் தருவார். மறுத்தால் கோபிப்பார். ஆனால் செத்தவர்களுக்கென்று செய்ததை வீட்டுக்குள் கொண்டுபோகலாமா? அதனால் ஒவ்வொரு வருடமும் என் வான் வண்டிக்குள்ளேயே இருந்து தின்றுவிட்டு, டப்பாவை எறிந்துவிட்டு, வீட்டுக்குப் போன கையோடு குளிப்பேன்.

போன டிசம்பரில் அது தவறிப்போனது. வழியில் கெனடி ஸ்ரேசனில் ஆரணியை ஏற்றவேண்டியிருந்தது. வோட்டர்லூவில் இஞ்சினியரிங் படிக்கிறாள், மாதத்தில் ஒரு தடவை வருவாள். வானுக்குள் ஏறிய கையோடு செய்தியைப் போட்டாள்.

“அப்பா, மே மன்த் ஃப்ரெண்ட்ஸோட கிரீஸுக்குப் போறன். டிக்கெற் எடுத்திட்டம்.”

“கிரீஸில எங்க?”

“ஐலண்ட்ஸ் அப்பா. பீச். எல்லாரும் போற இடம்தான்.”

“அங்க கலாவ்ரிதா எண்டு ஒரு ஊர் இருக்கு. தெஸ்பினாவின்ர ஊர். அதுக்குப் போவன்.”

“அங்க என்ன இருக்கு?”

சொன்னேன். பாதியில் நிறுத்தினாள். “அப்பா ப்ளீஸ். வக்கேஷனுக்கும் மாஸ் கிரேவ் பாக்கச் சொல்லுறீங்கள். எங்கட வீட்டில எப்பவும் உதுதானே.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவளும் விடவில்லை. வீட்டு வாசல்வரை இரண்டு பேரும் கத்திக்கொண்டே வந்தோம். கொலிவா எனக்கு அடியோடு மறந்துவிட்டது. இறங்கும்போது அவள் டப்பாவைத் தூக்கி, “உது என்ன?” என்று கேட்டாள்.

“சேர்ச்சில குடுத்தது” என்று எரிந்து விழுந்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அன்று அண்ணையின் பிறந்த நட்சத்திரம். சேர்ச் பிரசாதமாம் என்று சொல்லி ஆரணி டப்பாவைப் பெரியம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். மச்சாள் திறந்து பார்த்திருக்கிறார். வெள்ளைச் சீனி, மாதுளை முத்து, பருப்பு. எந்தச் சாமியின் பிரசாதமாக இருந்தாலென்ன, தேடி வந்ததை எப்படித் தள்ளுவது? வெள்ளித் தட்டில் கொட்டி அண்ணையின் படத்துக்கு முன்னால் வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டு, தானும் ஒரு கரண்டி வாயில் போட்டு ஆரணிக்கும் ஊட்டியிருக்கிறார். நான் ஈரத்தலையோடு ஹோலுக்கு வந்தபோது இரண்டாவது கரண்டி மச்சாளின் கையில் இருந்தது.

யோசிக்கவில்லை. பாய்ந்து தட்டைத் தட்டிவிட்டேன். தட்டுப் பறந்து போய் அண்ணையின் படத்தில் மோதியது. கண்ணாடி வெடித்து, படம் குப்புற விழுந்தது. ஹோல் முழுக்கக் கோதுமை.

“நேசன்! விசரே உமக்கு?” என்று மச்சாள் கத்தினார்.

“சாப்பிடாதேங்கோ மச்சாள்! அது செத்த ஆக்களுக்குச் செய்யிறது!”

அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. படத்தைப் பார்த்தார், கீழே கிடந்த கோதுமையைப் பார்த்தார். பிறகு கையை வீசி என் கன்னத்தில் அறைந்தார். காது அடைத்துவிட்டது. குசினிக்கு ஓடி, விரலைத் தொண்டைக்குள் விட்டு ஓங்காளித்தார். வெறும் தண்ணீர்தான் வந்தது. மறுபடியும் விரலை விட்டார். சுகி பிடித்து இழுக்க, அவளைத் தள்ளிவிழுத்திவிட்டுத் தன் தலையைச் சுவரில் மோதத் தொடங்கினார். நெற்றி வெடித்து, பொட்டின் மேலால் இரத்தம் வழிந்தது.

“அண்டைக்கு பஸ்ஸில ஏத்தி நானே குடுத்திட்டன். நானே ரெண்டாந்தரமும் குடுத்திட்டன்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஆரணி அழுதுகொண்டே கத்தினாள். “ஸ்ரொப் இற் பெரியம்மா! பெரியப்பா இஸ் டெட்! எல்லாருக்கும் தெரியும். ஏன் எல்லாரும் நடிக்கிறீங்கள்?”

மச்சாள் மோதுவதை நிறுத்தினார். தான் வளர்த்த பிள்ளையை, யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு தன்னுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அதன் பிறகு ஆரணியோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

5

அடுத்த கிழமை ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது மச்சாள் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நெற்றியில் பிளாஸ்ரர். அதற்குக் கீழே பொட்டு.

“அந்த மனுசியிட்ட என்னைக் கூட்டிக்கொண்டு போம்.”

“என்னத்துக்கு மச்சாள்?”

“கேக்கவேணும்.”

பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கிழவிகள், குசினி முழுக்கக் கத்திகள், நான் யாரைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

கடை இன்னும் திறக்கவில்லை. தெஸ்பினா ஆட்டு விலாவைக் கொத்திக்கொண்டிருந்தார். மச்சாள் நேரே போய் வெட்டுப்பலகைக்கு இந்தப் பக்கம் நின்றார்.

“என்ர மனுசன் சாகேல்லை எண்டு சொல்லும். சாகாத மனுசனுக்கு ஏன் செத்தவீட்டுச் சாப்பாடு தந்தவ எண்டு கேளும்.”

மொழிபெயர்த்தேன். வீட்டில் நடந்ததையும் சொன்னேன். தெஸ்பினா மச்சாளின் நெற்றியைப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

“அவருடைய குழி எங்கே?” என்று என்னிடம் கேட்டார்.

“இல்லை.”

“உடலைப் பார்த்தார்களா?”

“இல்லை. பஸ்ஸில் ஏறியதைத்தான் பார்த்தார்.”

தெஸ்பினா இறைச்சி ஈரத்தோடு கையை ஓங்கி என் தோளில் ஒன்று வைத்தார். “முட்டாள்! குழி இல்லாத வீட்டுக்கா இதைக் கொண்டுபோனாய்? கோதுமை குழி உள்ளவர்களுக்கு!”

ஒரு கிழமைக்குள் இரண்டாவது அடி. இரண்டும் எனக்கு வரவேண்டியவைதான். இதையும் மொழிபெயர்க்கச் சொன்னார், மொழிபெயர்த்தேன். மச்சாளின் தோள்கள் தளர்ந்தன. உப்பு வாளி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்தார். தெஸ்பினாவும் உட்கார்ந்தார். பிறகு தெஸ்பினா தன் தாயின் கதையைச் சொல்ல, நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். மணி, போர்வை, ஒரு நாளுக்கான பாண், சரிவு, காலுறை. ஒரு நாளுக்கான பாண் என்றபோது மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அவவின்ர அம்மா எத்தினை பேரைப் புரட்டிப் பாத்தவ எண்டு கேளும்.”

கேட்டேன். தெஸ்பினாவுக்குத் தெரியவில்லை. “அவர் சொன்னதில்லை. ஆனால் கிண்டியதில் போன நகங்கள் பிறகு ஒழுங்காக முளைக்கவில்லை. எனக்குத் தலை வாரும்போது குத்தும்.”

மச்சாள் தன் கைகளை விரித்துப் பார்த்தார். அவருடைய நகங்கள் ஒழுங்காகத்தான் இருந்தன.

“எனக்கும் உடம்புகளைத் தந்திருந்தா நானும் புரட்டியிருப்பன் நேசன். ஆயிரம் பேரெண்டாலும் புரட்டியிருப்பன். கையால கிண்டியிருப்பன். ஆர் தந்தவங்கள்?”

இதை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதேன். தெஸ்பினா எழும்பிப் போய்க் கோப்பி போட்டார்.

திரும்பும்போது மச்சாள் சுவரிலிருந்த படத்துக்கு முன்னால் நின்றார். நான் ஊரைக் காட்டினேன். இது மலை, இதால்தான் ரயில் வரும், இது பள்ளிக்கூடம். “சரிவு எது?” என்று கேட்டார். காட்டினேன். அதன் மேல் விரலை வைத்தார்.

6

அண்ணையின் படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டோம். மாலை போடவில்லை. மச்சாள் எங்களோடு பழையபடி கதைத்தார், சமைத்தார், கோயிலுக்குப் போனார். ஆரணி வந்தால் மட்டும் அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார். ஆரணி அந்தச் சோற்றை அழுது அழுது தின்பாள். வருவதையும் குறைத்துக்கொண்டாள். நான் சமாதானம் பேசப் போய் இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினேன்.

மே மாதம் அவள் பறந்தாள். கடற்கரைப் படங்கள் சுகியின் போனுக்கு வந்தன. நான் பார்க்கவில்லை. வீம்புதான், வேறொன்றுமில்லை.

ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிட முன்னால் போன் அடித்தது. வீடியோ. எடுத்தால் சத்தமும் குலுக்கலும். யன்னலுக்கு வெளியே பாறை, பாறைக்குக் கீழே வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஆறு.

“அப்பா, நீங்கள் சொன்ன ட்ரெயின். நான் மட்டும் வந்தனான். மற்றவை பீச்சில நிக்கினம்.” பிறகு குரல் சிறுத்தது. “பெரியம்மா நிக்கிறாவோ?”

மச்சாள் மேசையில் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. நான் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து அவருக்கு முன்னால் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். ரயில் நின்றது. ஆரணி நடந்தாள். கடையின் படத்தில் நான் துடைத்த தெருக்கள் ஒவ்வொன்றாகப் போனில் வந்தன. பள்ளிக்கூடத்தைத் தாண்டினாள். மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது. மேலே ஒரு பெரிய வெள்ளைச் சிலுவை, சரிவில் கல்லில் வெட்டிய பெயர்கள். காற்று இரைந்தது.

மச்சாளின் கத்தி நின்றது.

“பிள்ளை, மெதுவாக் காட்டு.”

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவளோடு பேசிய முதல் பேச்சு. ஆரணி போனைக் கற்களை ஒட்டி மெல்ல நகர்த்தினாள். பிறகு போன் ஒரு கல்லில் நிலைத்தது.

“வாசி.”

“கிரீக் லெற்றர்ஸ் பெரியம்மா. மற்ஸில படிச்சதுதான், பொறுங்கோ.” எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். “யோர்கோஸ்... பதினாலு வயசு. பனாயோத்திஸ்... பதினேழு. இது அப்பாவும் மகனும் போல. ஒரே சேர்நேம்.”

அவள் வாசித்துக்கொண்டே போனாள். மச்சாள் ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினார். நான் வேலைக்குப் பிந்திவிட்டேன், தெஸ்பினா கத்தட்டும் என்று விட்டேன்.

“பிள்ளை, எல்லாருக்கும் பேர் இருக்கோ? ஒருத்தரும் விடுபடேல்லையோ?”

போன் மெல்லத் திரும்பி முழுச் சரிவையும் காட்டியது. ஆரணியின் முகம் தெரியவில்லை, மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

“ஓம் பெரியம்மா. எல்லாருக்கும் இருக்கு.”

மச்சாள் வெண்டிக்காய்ப் பிசுக்குக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுச் சொன்னார்.

“குடுத்துவைச்ச சனம்.”